இடுப்பில் வைக்கும் கைத்துப்பாக்கி: எஃகா, அலுமினியமா, பாலிமரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹூஸ்டன் பக்கம் குடியிருக்கிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போகிற பழக்கம் பல வருஷமாக இருக்கிறது. அதனால் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் யார் பிஸ்டல் வாங்க நினைத்தாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடும். கேட்பது பெரும்பாலும் ஒன்றேதான்: "அண்ணா, இரண்டாயிரத்து ஐந்நூறு டாலர் போடலாம்னு இருக்கேன். அவ்வளவு கொடுத்துட்டுப் பிளாஸ்டிக்கையா வாங்கறது? அலுமினியம் விரிசல் விடுமாமே?" தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். எல்லாமே அமெரிக்க நிலவரம். அதிலும் டெக்சாஸ் வாடை தூக்கலாக இருக்கும்.

நான் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

முடியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர்கள் (ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1 எல்லாம் இதில் அடக்கம்) துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். மாநிலம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது. ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் வைத்திருப்பதாகவே கணக்கு. நம்மவர்கள் நிறையப் பேருக்கு இது தெரியாது. ஆபீஸ் நண்பர்களோடு வார இறுதியில் போய்ச் சுட்டுவிட்டு, போட்டோவும் போடுகிறார்கள். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. அதை நம்பி இறங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் இதைப் பற்றிய கேள்வி இருக்கிறது; பொய் எழுதினால் அது தனிக் குற்றம். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை கிடையாது.

ஃபிரேம் என்று எதைச் சொல்கிறார்கள்?

கையில் பிடிக்கும் கீழ்ப்பாதி. மேலே முன்னும் பின்னும் ஓடுவது ஸ்லைடு, அதற்குள் இருப்பது பேரல். இங்கே பேசப்போகிற பிஸ்டல்கள் எல்லாவற்றிலும் ஸ்லைடும் பேரலும் எஃகுதான். தோட்டா வெடிக்கும்போது எழும் அழுத்தத்தைத் தாங்குவது அவைதான். ஃபிரேம் வாங்குவது ஸ்லைடு பின்னால் வந்து இடிக்கிற அடி. "பிளாஸ்டிக் துப்பாக்கி கையிலேயே வெடிச்சிடாதா?" என்று கேட்பவர்களுக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

வழக்கமாக வரிசை எண் ஃபிரேமில் இருக்கும். சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பதே அந்தப் பாகம்தான். சிக் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த பி365 போன்றவற்றில் கதை வேறு. ட்ரிகர் பாகங்களைத் தாங்கும் சின்ன எஃகுச் சட்டம் உள்ளே இருக்கிறது, எண் அதில்தான். வெளியே இருக்கும் பாலிமர் பிடி வெறும் சட்டை மாதிரி. தேய்ந்தாலும் உடைந்தாலும் புதிதாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

பாலிமர் எவ்வளவு நாள் தாங்கும்?

பாலிமர் ஃபிரேமோடு முதலில் வந்த பிஸ்டல் ஜெர்மானிய ஹெக்லர் அண்டு காக் நிறுவனத்தின் விபி70, ஆண்டு 1970. சந்தையைப் பிடித்ததென்னவோ கிளாக். அதற்கு முன் துப்பாக்கியே செய்திராத காஸ்டன் கிளாக் வடிவமைத்த கிளாக் 17ஐ 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றது. அமெரிக்காவுக்கு வந்தபோது "விமான நிலையக் கருவிக்கே தெரியாத பிளாஸ்டிக் துப்பாக்கி" என்று ஒரே களேபரம். 1988இல் அதற்கென்று ஒரு சட்டமே வந்தது. அத்தனை களேபரமும் முக்கால்வாசிக்கு மேல் உலோகமாக இருந்த ஒரு பொருளைப் பார்த்துத்தான்!

கண்ணாடி நார் கலந்த நைலான் வகைதான் இந்தப் பாலிமர். ஸ்லைடு ஓடுகிற இடத்தில் எஃகுத் தண்டவாளம் பதித்திருப்பார்கள், அதனால் நைலான்மேல் எஃகு உரசுவதில்லை. சுடும்போது ஃபிரேம் கொஞ்சம் வளைந்து திரும்புகிறது; மெதுவாக ஓட்டிய வீடியோவில் இது நன்றாகத் தெரியும். பார்க்கப் பயமாக இருந்தாலும், அடியை உள்வாங்க அந்த வளைவு உதவுகிறது. துரு கிடையாது, வியர்வை ஒன்றும் செய்யாது. ஆகஸ்டு மாத ஹூஸ்டனில் மூடிய காருக்குள் இருக்கும் சூடு அதை இளக்கப் போதாது. இந்த வகை நைலான் உருக 200 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். அதற்காகப் பிஸ்டலைக் காரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அது திருட்டு சம்பந்தப்பட்ட கவலை.

பாலிமரைக் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான். பிடிமானம் வரட்டும் என்று சூட்டுக்கோலால் புள்ளி வைப்பது, பிடியை இழைத்து மெலிதாக்குவது, பிரேக் கிளீனரில் ஊற வைப்பது எல்லாம் இந்தக் கணக்கு. சூட்டுக்கோலைத் தொட்டால் உத்தரவாதமும் போகும்.

அலுமினியம் விரிசல் விடும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை.

நல்ல பிஸ்டல்களில் வருவது பெரும்பாலும் 7075 எனப்படும் கலவை. இரண்டாம் உலகப்போர் காலத்தில் விமானங்களுக்காக வந்தது. கன சென்டிமீட்டருக்கு 2.8 கிராம், எஃகு 7.85 கிராம். எடை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், ஆனால் பலத்தில் சாதாரணக் கட்டட எஃகை விஞ்சிவிடும். பாத்திரக்கடை அலுமினியத்தை மனதில் வைத்துக்கொண்டு இதை எடைபோடக் கூடாது.

வித்தியாசம் களைப்பில் இருக்கிறது. ஓர் அலுமினியக் கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் சீக்கிரம் ஒடிவதைப் பார்த்திருப்பீர்கள். எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே எத்தனை லட்சம் முறை அடித்தாலும் அது களைக்காது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. சின்ன அடியும் எங்கேயோ கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் "என்றாவது ஒருநாள் விரிசல் வரும்" என்பது கொள்கையளவில் சரி. அந்த ஒருநாள் எப்போது என்பதைத்தான் கேட்க வேண்டும். 1985இல் அமெரிக்க ராணுவம் எம்9 என்ற பெயரில் எடுத்த பெரெட்டாவின் ஃபிரேம் அலுமினியம். சிக் பி226ம் அப்படியே. முப்பது வருஷத்துக்கு மேல் ராணுவக் கைகளில் அடிபட்ட சரக்கு இது.

கோல்ட் நிறுவனம் 1950ஐ ஒட்டிக் கொண்டுவந்த கமாண்டர்தான் 1911 வகையில் (ஜான் பிரவுனிங் வடிவமைத்த பழைய கோல்ட் பிஸ்டலின் வழி வந்தவை) அலுமினிய ஃபிரேமின் முன்னோடி. பழைய கமாண்டர்களில் ஸ்லைடை நிறுத்திப் பிடிக்கும் ஸ்லைடு ஸ்டாப் என்ற பாகத்தின் துளைக்கு மேலே, தண்டவாளத்தில், நூல் மாதிரி மெல்லிய ஒரு பாலம் இருக்கும். விரிசல் வருவது அங்கேதான். ஆனால் அந்தப் பாலம் எந்தச் சுமையையும் தாங்குவதில்லை. பின்னாளில் தொழிற்சாலையே அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டது. விரிசல் விட வேறு எதுவும் மிச்சமில்லை! பழையது ஒன்று கண்ணில் பட்டு அந்த இடத்தில் கோடு தெரிந்தால் பதறாமல் விலையைப் பேசுங்கள்.

என் அனுபவத்தில் அலுமினியத்தின் நிஜத் தலைவலி வேறு இடத்தில். தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகஸினிலிருந்து தோட்டா ஏறி பேரலுக்குள் போக ஒரு சரிவு இருக்கும், ஃபீட் ராம்ப் என்பார்கள். 1911 வகையின் பழைய அமைப்பில் அந்தச் சரிவு ஃபிரேமிலேயே வெட்டப்பட்டிருக்கும். அலுமினிய ஃபிரேமின் மேற்பரப்பில் கடினமான ஒரு படலம் ஏற்றியிருப்பார்கள், தடிமன் 0.05 மில்லிமீட்டர் அளவுதான். அது இருக்கிற வரை பிரச்சினை இல்லை. நான் முதலில் வாங்கிய இலகு கமாண்டரில், இரண்டாயிரம் தோட்டா தாண்டுவதற்குள் சரிவின் நடுவே நகம் பதிந்த மாதிரி ஒரு பள்ளம். கறுப்புப் படலம் போய் வெள்ளி வெளேரென்று உலோகம் தெரிந்தது. வாய் அகன்ற ஹாலோ பாயிண்ட் தோட்டாவின் விளிம்பு அங்கே போய்க் குத்த ஆரம்பித்தது. மேகஸினுக்குள் தோட்டாவைத் தள்ளும் உலோகத் தட்டின் முன்விளிம்பும் கடைசித் தோட்டா ஏறும்போதெல்லாம் அதே இடத்தில் இடித்துக்கொண்டிருந்தது. தயாரித்தவர்களுக்கு அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து "சாதாரணத் தேய்மானம்" என்ற ஒற்றை வரிக் கடிதத்தோடு அப்படியே திரும்பி வந்தது. கடைசியில் துப்பாக்கி பழுதுபார்க்கும் உள்ளூர் கன்ஸ்மித் ஒருவர் பள்ளத்தைச் செதுக்கி எடுத்து, எஃகுத் துண்டு ஒன்றைப் பதித்துக் கொடுத்தார். இன்றுவரை தொந்தரவு இல்லை.

ஆகவே அலுமினியம் வாங்கினால் சரிவு பேரலோடு சேர்ந்த எஃகாக இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது வரும் உயர்ரக 9 எம்எம் பிஸ்டல்களில் பெரும்பாலும் அப்படித்தான்.

எஃகு என்றால் கவலையே இல்லையா?

தேய்மானக் கவலை இல்லை. 1911 மார்ச்சில் நடந்த ராணுவச் சோதனையில் ஜான் பிரவுனிங் வடிவமைத்த கோல்ட் இரண்டு நாளில் 6,000 தோட்டா சுட்டு, ஒருமுறைகூடச் சிக்காமல் வந்தது. அதே வடிவத்தை இன்றும் கடையில் புதிதாக வாங்கலாம்.

ஆனால் நாம் பேசுவது உடம்போடு ஒட்டி, பனியனுக்கும் தொடைக்கும் நடுவில் பத்து மணி நேரம் கிடக்கிற சாமான். ரேஞ்ச் நண்பர் ஒருவர் நீலமிட்ட (மேலே நீலக் கறுப்புப் படலம் ஏற்றிய) கார்பன் எஃகு பிஸ்டலை ஒரு கோடைகாலம் முழுக்க இடுப்பில் வைத்திருந்தார். வெளியே பார்த்தால் பளபளவென்று இருந்தது. செப்டம்பரில் மரப்பிடியைக் கழற்றினால், அடியில் ஃபிரேமில் மஞ்சள்தூள் சிதறின மாதிரி துருப் புள்ளிகள். திருகு மரைக்குள்ளும் இருந்தது. வியர்வை உப்பு மரத்துக்கும் எஃகுக்கும் நடுவில் இறங்கி, வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. எண்ணெயும் செம்புத் தூரிகையும் கொண்டு தேய்த்ததில் புள்ளி போனது. குழி அப்படியே நிற்கிறது.

ஸ்டெயின்லெஸ் எஃகு தேவலாம். ஆனால் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் வகைகள் நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டின் வகை இல்லை. கெட்டிப்படுத்தத் தோதான கலவைகள் என்பதால் துருவை எதிர்ப்பதில் ஒரு படி கீழே. வியர்வை அதிகம் சுரக்கும் உடம்பென்றால் மாதம் ஒருமுறை பிடியைக் கழற்றித் துடையுங்கள்.

சரி, மூன்றில் எது அதிகம் தாங்கும்?

எஃகு. ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள். மாதம் 100 தோட்டா சுடுகிறீர்கள் என்று வைப்போம். உரிமம் வாங்கியபிறகு அந்த அளவுகூடச் சுடாதவர்கள்தான் அதிகம். வருஷத்துக்கு 1,200. ஐம்பதாயிரம் தோட்டாவைத் தொடக் கிட்டத்தட்ட நாற்பத்திரண்டு வருஷம் ஆகும். ஒரு தோட்டா 25 சென்ட் என்று போட்டாலும் அதற்குச் செலவு 12,500 டாலர். ஃபிரேமைத் தேய்த்துத் தீர்க்கிற அளவுக்குச் சுடும் வசதி இருந்தால், அந்தக் காசில் பிஸ்டல் நாலு வாங்கிவிடலாம்.

ஃபிரேமுக்கு முன்னால் போவது ஸ்பிரிங்தான். முக்கியமாகச் சின்ன பிஸ்டல்களில், பின்னால் வந்த ஸ்லைடைத் திரும்ப முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங். பேரல் குட்டையாகக் குட்டையாக அந்த ஸ்பிரிங் குறைந்த இடத்தில் அதிக வேலை செய்கிறது. அது தளர்ந்தால் ஸ்லைடு வேகமாக வந்து ஃபிரேமை அடிக்கும். அலுமினிய ஃபிரேம் விரிசல்களில் பல, மாற்றாத ஸ்பிரிங் செய்த வேலை. பத்து இருபது டாலர் பாகம் அது. கையேட்டில் எத்தனை தோட்டாவுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறதோ, அப்படியே மாற்றிவிடுங்கள்.

பிறகு எதை வைத்து முடிவு செய்வது?

எடை. முழு அளவு எஃகு 1911 காலியாகவே 1.1 கிலோ. அலுமினிய கமாண்டர் 770 கிராம் அளவு. கிளாக் 19 காலி மேகஸினோடு சுமார் 670. சிக் பி365 அரைக்கிலோ. இதற்கு மேல் 9 எம்எம் தோட்டா ஒன்றுக்குப் 12 கிராம் சேருங்கள்; பதினைந்து போட்டால் 180 கிராம்.

அரைக்கிலோவா ஒரு கிலோவா என்பது கடையில் நிற்கும்போது ஒரு வித்தியாசமாகவே தெரியாது. காரில் ஏறி இறங்கி, ஹெச்.இ.பி. கடையில் காய்கறி வாங்கி, பிள்ளையைத் தூக்கி, மாலை ஏழு மணிக்கு வீடு வரும்போது தெரியும். எஃகு வாங்கியவர்கள் நிறையப் பேர் மூன்றாவது மாதம் அதைப் பெட்டியில் வைத்துவிட்டு வெறும் கையோடு போவதைப் பார்த்திருக்கிறேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எடை குறைந்தால் உதைப்பு கூடும். பி365 அளவு பிஸ்டலில் ஐம்பது தோட்டா சுட்டால் போதும் என்றிருக்கும். கனத்த எஃகில் இருநூறு சுட்டும் கை வலிக்காது. எனக்குத் தோதாகப் பட்டது நடுவில் இருப்பவைதான்: அலுமினியமோ பாலிமரோ, 600 முதல் 750 கிராமுக்குள்.

உயர்ரகத்துக்குக் கொடுக்கும் இரண்டாயிரம் டாலர் வித்தியாசம் எங்கே போகிறது?

நீடிப்புத்தன்மைக்குப் போவதில்லை. 550 டாலர் கிளாக்கும் 2,500 டாலரை ஒட்டிய ஸ்டக்காட்டோ சி.எஸ்.ஸும் உங்களை விட நீண்ட ஆயுள் உள்ளவை. 2022இல் வந்த அந்த சி.எஸ்., டெக்சாஸ் தயாரிப்பு. அலுமினிய ஃபிரேம், பாலிமர் பிடி, மூன்றரை அங்குல பேரல், மேகஸினில் 16 தோட்டா. ஆர்கன்சாஸ் மாநிலத்து வில்சன் காம்பாட்டின் இ.டி.சி. எக்ஸ்9 (2017) இன்னும் மேலே போகும்.

அந்தப் பணத்துக்குக் கிடைப்பது, முதலில் ட்ரிகர். குறுகிய தூரம் நகர்ந்து, கண்ணாடி உடைகிற மாதிரி சட்டென்று விடும். அப்புறம் ஸ்லைடும் ஃபிரேமும் பொருந்துகிற நெருக்கம். கையால் இழைத்த விளிம்புகள் ஒரு நாள் முழுக்க இடுப்பை உரசாது. இருபது கஜத்தில் சுட்ட துளைகள் சின்ன வட்டத்துக்குள் வரும். உண்மையைச் சொன்னால் அதில் பெருமைக்கும் ஒரு பங்கு உண்டு. பெருமைக்குக் காசு கொடுப்பது தப்பில்லை. பட்டுப்புடவை எதற்கு வாங்குகிறோம்?

மறந்துவிடும் செலவு: 2011 வகை (ஸ்டக்காட்டோ போல, தோட்டாவை இரட்டை அடுக்காகக் கொள்ளும் 1911 வழி பிஸ்டல்கள்) மேகஸின் ஒன்றின் விலைக்குக் கிளாக் மேகஸின் இரண்டு மூன்று வாங்கலாம். நியூஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் பத்துக்கு மேல் கொள்ளும் மேகஸினுக்குத் தடை இருப்பதால், இரட்டை அடுக்குக்குக் கொடுக்கும் காசில் பாதி அங்கே வீண்.

பெரிய பெயரை மட்டும் நம்பியும் குதிக்காதீர்கள். அமெரிக்க ராணுவத்துக்குத் தேர்வான சிக் பி320ன் பொதுச்சந்தை வடிவத்துக்கே, கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்ற பிரச்சினை கிளம்பி, 2017 ஆகஸ்டில் ட்ரிகர் மாற்றம் அறிவிக்க வேண்டி வந்தது. எந்த மாடலையும் சந்தைக்கு வந்து ஒரு வருஷமாவது கழித்து வாங்குவது என் வழக்கம்.

+பி தோட்டா போட்டால் ஃபிரேம் கெடுமா?

சாதாரண 9 எம்எம் தோட்டாவுக்கு அழுத்த வரம்பு 35,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), +பிக்கு 38,500. பத்து சதவீதம் கூடுதல். கையேடு அனுமதித்தால் இடுப்பில் வைக்க அதைப் போடுங்கள், ரேஞ்சில் சாதாரணமானதைச் சுடுங்கள். பைசாவும் மிச்சம்.

ஸ்காண்டியம் என்கிறார்களே, அது என்ன?

ஸ்காண்டியம் என்பது அலுமினியத்தோடு துளி சேர்ப்பது. ஸ்மித் அண்டு வெஸனின் இலகு ரிவால்வர்களில் வரும். 340பிடி மாடல் 340 கிராமுக்கும் குறைவு. வீரியம் கூடிய மேக்னம் தோட்டா போட்டு ஒருமுறை சுட்டேன். இரண்டாவது முறை கேட்கவில்லை.

ஹோல்ஸ்டருக்கு (பிஸ்டல் உறை) எவ்வளவு ஒதுக்க?

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசும் ஆட்கள் இங்கே நிறைய. மூவாயிரம் டாலர் பிஸ்டலை இருபது டாலர் துணி உறையில் சொருகுவார்கள். ட்ரிகரை முழுக்க மூடும் கெட்டியான கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறை, வளையாத பெல்ட், இரண்டுக்கும் சேர்த்து 150 முதல் 200 டாலர் எடுத்து வையுங்கள். லேசான ட்ரிகர் உள்ள உயர்ரகப் பிஸ்டலை முன்பக்கம், தொப்புளுக்குக் கீழே வைப்பதாக இருந்தால் இதில் கஞ்சத்தனமே கூடாது. சேஃப்டியைப் போட்டு, கண்ணால் பார்த்து, மெதுவாக உறைக்குள் இறக்குங்கள். அவசரம் எடுக்கும்போதுதான், திரும்ப வைக்கும்போது என்ன அவசரம்?

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களே?

அப்படியென்றால் பிஸ்டலுக்கு முன் பூட்டுப் பெட்டியை வாங்குங்கள். இடுப்பில் இல்லாத நேரமெல்லாம் அது பெட்டிக்குள். பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கையில் சுடத் தயாரான துப்பாக்கி கிடைக்கும்படி விட்டால் டெக்சாஸில் பெரியவர் மேல் வழக்கு வரும். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாராவது மனம் உடைந்திருக்கும் காலத்தில் இதை வாங்கவே வேண்டாம். ஏற்கெனவே இருந்தால் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். இதைச் சொல்லும்போது சிலர் முகம் சுளிக்கிறார்கள். பரவாயில்லை.

ரேஞ்சுக்குக் கொண்டு போன பையையே ஊருக்கு எடுத்துப் போகலாமா?

கூடவே கூடாது. 2023இல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனை வாயில்களில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன; பெரும்பாலும் "பையில இருந்ததே மறந்துபோச்சு" கதைதான். இங்கே அபராதத்தோடு தப்பினாலும் தப்பலாம். ஒற்றைத் தோட்டா பையின் ஓரத்தில் ஒளிந்துகொண்டு சென்னை வரை வந்துவிட்டால் அங்கே ஆயுதச் சட்டப்படி வழக்கு. எனக்கு ரேஞ்சுக்கென்று ஒரு சிவப்புப் பை இருக்கிறது. அது கராஜ் அலமாரியைத் தாண்டி வீட்டுக்குள் வராது. போன வருஷம் ஊருக்குக் கிளம்பும் முன், அந்தப் பையைத் தொடவே இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தும், என் மனைவி சூட்கேஸ் நாலையும் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். விழுந்தது இரண்டு க்ரேயான், ஒரு ஏலக்காய்.